வலது கரோட்டிட் ஏன் மெலிந்திருந்தது? ஒரு நிகழ்வு ஆய்வு

44 வயதுப் பெண்மணி ஒருவர் தன் தம்பியோடு வந்திருந்தார். கையில் இரண்டு ஃபிலிம் உறைகள், பழைய சி.டி. ஸ்கேன் ஒன்று, பிளாஸ்டிக் ஃபைலுக்குள் மடித்து மடித்து நைந்துபோன ரிப்போர்ட். உட்கார்ந்ததும் தம்பிதான் பேச ஆரம்பித்தார்.

“டாக்டர், அக்காவுக்குக் கழுத்துல வலது பக்க ரத்தக்குழாய் சுருங்கிப் போச்சாம். அந்தப் பக்கம் மூளைக்கு மூணுல ஒரு பங்கு ரத்தம்தான் போகுதுன்னு சொன்னாங்க. எப்ப வேணும்னாலும் ஸ்ட்ரோக் வந்துருமா?”

அக்கா பேசவில்லை. வலது கை விரல்களைக் கழுத்தில் லேசாக வைத்திருந்தார். அழுத்தவும் பயம், எடுக்கவும் பயம். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து வலது பக்கம் திரும்பிப் படுப்பதையே விட்டுவிட்டேன் என்று அப்புறம் சொன்னார். அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது இரண்டே வரி: “வலது உட்கரோட்டிட் தமனி முழு நீளத்துக்கும் சுருங்கியுள்ளது. சுவர்க் கிழிசல் அல்லது ரத்தக்குழாய் அழற்சி உள்ளதா எனப் பார்க்கவும்.” ஸ்கேன் படங்களைப் படித்து இப்படி வரிகளை எழுதுவதுதான் என் வேலை. படிக்கிறவர் அன்று இரவு எப்படித் தூங்குவார் என்பதை எழுதும்போது நாங்கள் நினைத்துப் பார்ப்பது குறைவு.

நோயின் கதை

இருபது வயதை ஒட்டியே அவருக்குத் தலைவலி தொடங்கிவிட்டது. ஒரு பக்கமாக விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும், ஒரு நாள் இருந்துவிட்டுப் போகும். மாதம் ஒன்றிரண்டு நாளாக இருந்தது கடந்த ஓராண்டில் ஆறேழு நாளானதால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கை கால் மரத்துப்போனதில்லை, வாய் குழறியதில்லை, பார்வை மங்கியதில்லை. கழுத்தில் அடிபட்டதில்லை. காய்ச்சல், எடைக் குறைவு, வேலை செய்யும்போது கை சோர்ந்துபோவது எதுவுமில்லை. இரண்டு கையிலும் ரத்த அழுத்தம் ஒரே அளவு: 124/78. நாடி இரண்டு பக்கமும் சமம். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகள் இயல்பு. மூளை எம்.ஆர்.ஐ.யில் பழைய பக்கவாதத்தின் தழும்பு ஒன்றுகூட இல்லை.

ஆக, தலைவலி ஒற்றைத் தலைவலிதான். அதில் நரம்பியல் மருத்துவருக்குச் சந்தேகமில்லை. அவரைத் தயங்கவைத்தது அந்த இரண்டு வரிதான். ஆஸ்பிரின் ஏற்கெனவே தொடங்கியாகிவிட்டது. ஸ்டீராய்டு கொடுக்கலாமா என்ற பேச்சு இருந்தது. கதீட்டர் நுழைத்து ஆஞ்சியோகிராம் செய்யத் தேதியும் குறித்திருந்தார்கள். அதற்கு முன்னால் படங்களை இன்னொரு முறை பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் அனுப்பினார்.

படத்தில் இருந்தது

ரிப்போர்ட்டில் அளவு தப்பில்லை. கழுத்தில், கரோட்டிட் குமிழுக்கு (உட்கரோட்டிட் தொடங்கும் இடத்தில் உள்ள அகன்ற பகுதிக்கு) மேலே, தமனி நேராக ஓடும் இடத்தில் அளந்தேன். இடது உட்கரோட்டிட்டின் உள்விட்டம் 5.2 மி.மீ., வலது 4.0 மி.மீ. கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். குமிழிலிருந்து கபாலத்துக்குள் வளைந்து ஏறும் வரை வலது தமனி ஒரே சீராக மெலிந்திருந்தது. ஓர் இடத்தில் இறுக்கம், அடுத்த இடத்தில் வீக்கம் என்று இல்லை. விளிம்பு வழவழப்பாக இருந்தது.

சுவர் கிழிந்தால் கிழிசலுக்குள் ரத்தம் புகுந்து உறையும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில் அது பிறை நிலாபோல வெள்ளையாகத் தெரியும். இங்கே பிறை இல்லை. அழற்சி என்றால் சுவர் தடித்திருக்க வேண்டும், மருந்து ஏற்றியபின் ஒளிர வேண்டும். அதுவும் இல்லை. மணிமாலைபோல வரும் நார்த்தசை நோயும் இல்லை.

நோய் என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் தமனி மெலிதாகத்தான் இருக்கிறது. இந்த இடத்தில் பலர் “பிறவியிலேயே சிறியது” என்று எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் போனேன். அதனால் வந்த விளைவைக் கீழே சொல்கிறேன். ஒரு தமனி சிறியது என்று சொன்னால் அடுத்து ஒரு கேள்வி இருக்கிறது: அது எவ்வளவு ரத்தத்தைச் சுமக்க வேண்டிய தமனி?

அதற்குக் கழுத்தை விட்டுவிட்டு மேலே போய்ப் பார்க்க வேண்டும். உட்கரோட்டிட் கபாலத்துக்குள் போனதும் முக்கியமாக இரண்டாகப் பிரியும். பெரிய கிளை நடு மூளைத் தமனி, இன்னொன்று முன் மூளைத் தமனி. முன் மூளைத் தமனியின் முதல் துண்டை ஏ1 என்போம். இரண்டு பக்கத்து ஏ1-களும் நடுவில் ஒரு சிறு பாலத்தால் இணைந்திருக்கும். இவருடைய இடது ஏ1 2.7 மி.மீ. தடிமன். வலது ஏ1 எங்கே என்று தேட வேண்டியிருந்தது. மூலப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தபோது 0.8 மி.மீ. அளவில் ஒரு நூல் தெரிந்தது, அவ்வளவுதான். இடது ஏ1 நடுப்பாலத்துக்கு வந்து, அங்கிருந்து இரண்டு பக்கத்து முன் மூளைத் தமனிகளுக்கும் ரத்தம் கொடுத்துக்கொண்டிருந்தது.

அதாவது வலது கரோட்டிட் வலது நடு மூளைத் தமனிக்கு மட்டும் ரத்தம் கொண்டுபோகிறது. இடது கரோட்டிட்டோ இடது நடு மூளைத் தமனியோடு இரண்டு முன் மூளைத் தமனிகளையும் சேர்த்துத் தாங்குகிறது. சுமை குறைந்த தமனி மெலிதாக இருக்கிறது.

எண்கள் ஒத்துப்போகின்றனவா?

கதை பொருந்துகிறது என்பதோடு விட மனம் வரவில்லை. ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் எம்.ஆர்.ஐ. முறை ஒன்று உண்டு. ரத்தம் நகர்வதால் சிக்னலின் கட்டம் மாறும், அந்த மாற்றத்திலிருந்து வேகம் கிடைக்கும், குறுக்குப் பரப்பால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்று வந்துவிடும். ஊசி வேண்டாம், கதிர்வீச்சு கிடையாது, பத்து நிமிட வேலை. எடுத்தோம்.

இடது உட்கரோட்டிட் நிமிடத்துக்கு 318 மி.லி., வலது 152. பின்பக்கமாக ஏறும் முதுகெலும்புத் தமனிகளில் இடதில் 95, வலதில் 69. மொத்தம் 634 மி.லி. உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே இருக்கும் மூளைக்கு, இதயம் ஓய்வில் இறைக்கும் ரத்தத்தில் 15 சதவீதம் வரை போகிறது. வளர்ந்தவர்களுக்கு அது நிமிடத்துக்கு 700 மி.லி. பக்கம் வரும். அந்தக் கணக்கில் இவருக்குக் குறை ஒன்றுமில்லை. ஆனால் மூளைக்குப் போகும் மொத்த ரத்தத்தில் பாதியை இடது கரோட்டிட் ஒன்றே சுமக்கிறது.

318-லிருந்து 152-ஐக் கழித்தால் 166. இரண்டு நடு மூளைத் தமனிகளும் ஏறக்குறைய ஒரே அளவு ரத்தம் எடுக்கின்றன என்று கொண்டால், இந்த 166 இரண்டு முன் மூளைத் தமனிகளின் பங்கு, ஒன்றுக்கு 83. வழக்கமாக எதிர்பார்க்கும் அளவுதான். கூட்டல் கழித்தல் இப்படிப் பொருந்தி வரும்போது எனக்கு இன்றைக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது.

இனி விட்டம். தமனியின் ஓட்டம் அதன் விட்டத்தின் மும்மடிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஒத்துப்போகும் என்று 1926-ல் செசில் மர்ரே என்ற உடலியலாளர் ஒரு கணக்கு போட்டார். குழாய் குறுகலாக இருந்தால் ரத்தத்தைத் தள்ள இதயம் அதிகம் உழைக்க வேண்டும். அகலமாக இருந்தாலும் சும்மா இல்லை, உள்ளே நிறைந்திருக்கும் ரத்தம் முழுவதையும் உடல் உற்பத்தி செய்து பராமரிக்க வேண்டும். இரண்டு செலவையும் கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் விட்டம் எது என்று பார்த்தால் மும்மடி உறவு வந்து நிற்கிறது. இதன்படி ஓட்டம் இரண்டு மடங்கானால் விட்டம் 26 சதவீதம்தான் கூட வேண்டும். படத்தில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது ஓட்டத்தில் பெரிய வித்தியாசமாக இருக்கலாம். விட்டம் பத்து சதவீதம் குறைந்த தமனியில் ஓட்டம் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கும்.

இவருக்குப் போட்டுப் பார்ப்போம். 318-ஐ 152-ஆல் வகுத்தால் 2.09. அதன் மும்மடி மூலம் 1.28. படத்தில் அளந்த விகிதம், 5.2-ஐ 4.0-ஆல் வகுத்தால், 1.30. முதுகெலும்புத் தமனிகளில் ஓட்டம் 1.38 மடங்கு, மும்மடி மூலம் 1.11. அளந்த விட்டங்கள் 3.8, 3.4 மி.மீ. விகிதம் 1.12.

ஒரு எச்சரிக்கை. இதை வைத்து மர்ரே விதி நிரூபணமாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். படத்தின் ஒரு புள்ளியே அரை மி.மீ. இருக்கிறது. அளவில் 0.2 மி.மீ. இங்கே அங்கே ஆனாலும் விகிதம் 1.19 முதல் 1.42 வரை நகரும். அந்த இடைவெளிக்குள் நான்மடி உறவும் அடங்கிவிடும். விதியைச் சோதிக்க நிறைய ஆட்கள் வேண்டும். ஒரே ஆளிடம் நான் கேட்கும் கேள்வி வேறு: மெலிவின் அளவு, சுமை குறைந்த அளவோடு பொருந்துகிறதா, அல்லது அதை மீறி மெலிந்திருக்கிறதா? இங்கே பொருந்துகிறது.

இன்னொன்று, ஒப்பிட்டால் ஒரே மட்டத்தில் ஒப்பிட வேண்டும். கபாலத்துக்குள் இருக்கும் தமனிகள் அவை சுமக்கும் ரத்தத்துக்குக் கழுத்துத் தமனியைவிட ஒடுக்கமானவை. கரோட்டிட் குமிழோ ஓட்டத்துக்குத் தேவையே இல்லாத அளவுக்கு அகன்றது. அந்த அகலத்தில் ரத்தம் சுவரை ஒட்டிச் சுழன்று மந்தமாகும், கொழுப்புப் படிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். கழுத்தையும் தலையையும் ஒரே சூத்திரத்தில் போட்டால் தப்பான விடை வரும்.

“மூணுல ஒரு பங்கு” எங்கிருந்து வந்தது?

தம்பி சொன்ன அந்தக் கணக்கை யோசித்துப் பார்த்தேன். 4.0-ஐ 5.2-ஆல் வகுத்தால் 0.77, அதன் நான்மடி (0.77 × 0.77 × 0.77 × 0.77) 0.35. யாரோ பள்ளியில் படித்த பாய்சொய் விதியை நினைவில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். 1840-களில் பாய்சொய் என்ற பிரெஞ்சு மருத்துவர் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் நீர்மங்களை ஓடவிட்டுக் கண்டுபிடித்தது அது: அழுத்த வித்தியாசம் மாறாமல் இருந்தால் ஓட்டம் ஆரத்தின் நான்மடியைப் பொறுத்தது.

விதி சரி. பொருத்திய இடம்தான் சரியில்லை. மூளைக்குப் போகும் ஓட்டத்துக்குத் தடை முக்கியமாகக் கழுத்துத் தமனியில் இல்லை, தலைக்குள் இருக்கும் சிறு தமனிகளிலும் நுண்தமனிகளிலும் இருக்கிறது. அதே பாய்சொய் விதியை வைத்து வலது கரோட்டிட்டில் எவ்வளவு அழுத்தம் வீணாகிறது என்று பாருங்கள். 20 செ.மீ. நீளம், 4 மி.மீ. விட்டம், நிமிடத்துக்கு 152 மி.லி. என்று போட்டால் இழப்பு 2 மி.மீ. பாதரசம்தான். தமனியின் சராசரி அழுத்தம் 90 பக்கம் இருக்கும்போது இந்த 2 ஒரு பொருட்டே இல்லை. அகலமான இடது தமனியிலும் இழப்பு ஒன்றரைக்கு மேல் இருக்கிறது, அது சுமக்கும் ரத்தம் அதிகம் என்பதால். ஆக, குழாய் மெலிதாக இருப்பதால் ரத்தம் குறையவில்லை. மேலே கேட்கும் ரத்தம் குறைவு, அதனால் குழாய் மெலிதாக வளர்ந்திருக்கிறது.

ஒலி அலைகளால் ரத்தத்தின் வேகத்தை அளக்கும் டாப்ளரும் இதையே சொன்னது. அடைப்பால் குறுகிய இடத்தில் ரத்தம் பீறிட்டுப் போகும். கரோட்டிட்டில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.யைத் தாண்டினால் பாதிக்கு மேல் அடைப்பு என்றும், 230-ஐத் தாண்டினால் 70 சதவீதத்துக்கு மேல் என்றும் சந்தேகப்படுவோம். இவரின் மெலிந்த வலது பக்கம் 66, இடது பக்கம் 85. மெலிந்த பக்கத்தில் வேகமும் குறைவு. மும்மடி உறவில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று கேட்க ஆசைப்பட்டேன். கன்னப்பொட்டின் மெல்லிய எலும்பு வழியாக நடு மூளைத் தமனியின் ஓட்டத்தைக் கேட்கும் டாப்ளர் இருக்கிறது, 1982-ல் ரூனே ஆஸ்லிட் கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் கருவியை வைத்து, அரை நிமிடம் மூச்சை அடக்கச் சொன்னேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு அடக்கினார். முதலில் உஷ், உஷ் என்று ஒரே தாளம். பதினைந்து நொடி போனதும் சத்தம் மெல்ல உயர ஆரம்பித்தது, துடிப்புக்கு இடையில் இருந்த இடைவெளியும் நிரம்பிக்கொண்டே வந்தது. ரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது மூளையின் நுண்தமனிகள் விரிந்து கொடுக்கும், அதன் ஓசை அது. வலதில் நொடிக்கு 60 செ.மீ. இருந்தது 84 ஆனது, இடதில் 62 இருந்தது 86 ஆனது. வலது பக்கம் ரத்தத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்தால் அந்த நுண்தமனிகள் ஏற்கெனவே விரிந்து கிடக்கும், இதற்குமேல் விரிய இடம் இருந்திருக்காது.

“இப்ப உங்க காதுல விழுந்தது வலது பக்கம்மா,” என்றேன். அவர் அப்போதுதான் கழுத்திலிருந்து கையை எடுத்தார்.

தமனிக்கு எப்படித் தெரியும்?

தன் வழியாக எவ்வளவு ரத்தம் போகிறது என்பதைத் தமனி எதை வைத்து அறிகிறது? உள்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்திருக்கும் எண்டோதீலியச் செல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. ஓடும் ரத்தம் அவற்றை ஓட்டத்தின் திசையில் உரசி இழுக்கிறது. ஓட்டம் கூடினால் உரசல் கூடும். செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடும், தசை தளரும், தமனி விரியும். விரிந்தால் உரசல் மறுபடியும் பழைய அளவுக்கு இறங்கும். இது நிமிடக் கணக்கில் நடப்பது. கூடிய ஓட்டம் வாரக்கணக்கில் நீடித்தால் சுவரே மாற்றிக் கட்டப்படும், நிரந்தரமாகவே அகலமாகிவிடும். ஓட்டம் குறைந்தால் இதற்கு நேர்மாறு. ஓட்டம் வேகமான குழாய் பெருக்கிறது, மந்தமான குழாய் சிறுக்கிறது என்று கோழிக் கருவை உற்றுப் பார்த்து ரிச்சர்ட் தோமா 1893-லேயே எழுதிவிட்டார். நாயின் கரோட்டிட்டைச் சிரையோடு இணைத்து ஓட்டத்தைக் கூட்டியபோது, தமனி விரிந்து உரசல் பழைய அளவுக்குத் திரும்பியதை 1980-ல் காமியாவும் தொகாவாவும் காட்டினார்கள்.

இவருக்கு உரசலைக் கணக்கிட்டேன். இடது கரோட்டிட்டில் சுமார் 1.3 பாஸ்கல், வலதில் சுமார் 1.4. ஓட்டம் இரண்டு மடங்கு வித்தியாசம், விட்டம் 30 சதவீதம் வித்தியாசம், ஆனால் சுவரில் இருக்கும் செல் உணர்வது இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றே. அந்தச் செல்லின் இடத்தில் இருந்து பார்த்தால் இரண்டு தமனிகளுமே சரியான அளவில் இருக்கின்றன.

டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்தவர்களிடம் இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், சில வாரத்தில் கைத்தமனி தடித்துவிடும். மூளைக்குள்ளும் நடக்கிறது. தமனி–சிரைப் பின்னல் இருப்பவர்களுக்கு அதற்கு ரத்தம் ஊட்டும் தமனிகள் பருத்திருக்கும், பின்னலை எடுத்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுக்கும். மூளையின் அடியில் உள்ள தமனிகள் மெல்ல மெல்ல அடைந்துபோகும் மோயமோயா நோயில் நெற்றிப்பொட்டுத் தோலுக்கடியில் ஓடும் மெல்லிய தமனியை மூளைத் தமனியோடு தைப்பார்கள். தைக்கும்போது ஒரு மி.மீ.யை ஒட்டி இருக்கும் அந்தக் குழாய், மூளைக்குத் தேவை இருந்தால் மாதங்களில் பருத்து வளரும், தேவை இல்லாவிட்டால் நூலாகிப் போகும்.

இந்த உறவை முதலில் கண்ணால் கண்டு எழுதிவைத்தவர்களில் ஒருவர் தாமஸ் வில்லிஸ். மூளையின் அடியில் தமனிகள் கூடும் வளையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். 1664-ல் வெளிவந்த அவருடைய மூளை உடற்கூறு நூலில் ஒரு பிணப் பரிசோதனை வருகிறது. வயிற்றுக் கட்டியால் இறந்த ஒருவர். தலையைத் திறந்தால் வலது கரோட்டிட் கல்லாகி அநேகமாக மூடிக்கிடக்கிறது. ஆனால் உயிரோடிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. அதே பக்கத்து முதுகெலும்புத் தமனியைப் பார்த்தால் மறுபக்கத்தைவிட மூன்று மடங்கு பெரிது. அடைந்த தமனியின் சுமையை அது எடுத்துக்கொண்டிருக்கிறது என்று வில்லிஸ் புரிந்துகொண்டார். ஸ்கேன் இல்லை, டாப்ளர் இல்லை, தமனியின் தடிமன் ஒன்றை வைத்தே ரத்தம் எந்த வழியாகப் போயிருக்கிறது என்று வாசித்திருக்கிறார். நான் தினமும் செய்ய முயல்வது இதைத்தான்.

நான் தவறவிட்ட படம்

முன்னால் சொல்வதாகச் சொன்னது. பல வருடத்துக்கு முன், 67 வயதுக்காரர் ஒருவர். ஒரு கண்ணில் சில நிமிடம் பார்வை இருண்டு திரும்ப வந்திருந்தது. சி.டி. ஆஞ்சியோகிராமில் அந்தப் பக்க உட்கரோட்டிட் முழுக்க ஒல்லியாக, வழவழப்பாக 2.4 மி.மீ. இருந்தது. “பிறவியிலேயே சிறிய தமனி, குமிழில் 58 சதவீத அடைப்பு” என்று எழுதினேன். குமிழில் மிச்சமிருந்த வழி 1.0 மி.மீ., அதை மேலே உள்ள தமனியின் 2.4-ஓடு ஒப்பிட்டால் 58 வருகிறது. 1991-ல் வெளியான பெரிய வட அமெரிக்கக் கரோட்டிட் ஆய்வின் அளவுமுறை அது, 70-க்கு மேல் போனால் அறுவைச் சிகிச்சையின் பலன் தெளிவு என்று சொன்ன ஆய்வு.

ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் படத்தோடு என் அறைக்கே வந்துவிட்டார். “இந்த எலும்பைப் பாருங்க,” என்றார். கரோட்டிட் தமனி கபாலத்தின் அடிப்பகுதி எலும்பில் ஒரு சுரங்கம் வழியாக உள்ளே போகிறது. கருவில் தமனியைச் சுற்றித்தான் அந்தச் சுரங்கம் உருவாகும். தமனி பிறவியிலேயே சிறியது என்றால் சுரங்கமும் சிறியதாக இருக்கும், தமனியே இல்லாதவர்களுக்குச் சுரங்கமும் இருக்காது. அந்தப் பெரியவருக்கு இரண்டு பக்கச் சுரங்கமும் ஒரே அளவு. பெரிய சுரங்கத்துக்குள் ஒல்லியான தமனி தொங்கிக்கொண்டிருந்தது. முகத்துக்குப் போகும் வெளிக்கரோட்டிட் அதைவிடப் பருமனாக இருந்தது, இயல்பில் அப்படி இருக்காது. ஒரு காலத்தில் 5 மி.மீ. இருந்திருக்க வேண்டிய தமனி, குமிழில் அடைப்பு முற்றியதால் மேலே அழுத்தமும் ஓட்டமும் விழுந்து சுருங்கிப் போயிருக்கிறது. ஐந்தோடு ஒப்பிட்டிருந்தால் அடைப்பு 80 சதவீதம். இந்த நிலையைக் கிட்டத்தட்ட முழு அடைப்பு என்று பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும், சதவீதமே போடக் கூடாது, ஏனென்றால் ஒப்பிட வைத்திருக்கும் அளவுகோலே சுருங்கிவிட்டது.

ரிப்போர்ட்டைத் திருத்தி எழுதினேன், நல்லவேளையாக நேரம் இருந்தது. மெலிந்த தமனி எதைப் பார்த்தாலும் எலும்புச் சுரங்கத்தைப் பார்க்காமல் அதற்குப் பிறகு நான் பேனாவை எடுப்பதில்லை.

இந்தப் பெண்மணியின் பழைய சி.டி. அதற்குத்தான் பயன்பட்டது. ஆறு வருடத்துக்கு முன் தலைவலிக்காக எடுத்த சாதாரண ஸ்கேன். எலும்பு தெரியும்படி வைத்துப் பார்த்தேன். இடது சுரங்கம் 6.9 மி.மீ., வலது 5.6. தமனி எவ்வளவு சிறியதோ ஏறக்குறைய அந்த விகிதத்துக்குச் சுரங்கமும் சிறியது. குமிழில் படிவு இல்லை, வெளிக்கரோட்டிட் உட்கரோட்டிட்டைவிட மெலிது. வலது தமனி வாழ்க்கை முழுவதும் இந்த அளவில்தான் இருந்திருக்கிறது, எதுவும் சுருங்கிக்கொண்டே வரவில்லை.

முடிவு செய்தது

கதீட்டர் ஆஞ்சியோகிராமை ரத்து செய்தார்கள். ஸ்டீராய்டு பேச்சு நின்றது. ஆஸ்பிரினை நரம்பியல் மருத்துவர் நிறுத்திவிட்டு, ஒற்றைத் தலைவலியைத் தடுக்கும் மாத்திரையைத் தொடங்கினார்.

இரண்டு விஷயத்தை மட்டும் நான் லேசாக விடவில்லை. ஒன்று, நடுப்பாலம். ஒரு பக்க ஏ1 மட்டும் எல்லா ரத்தத்தையும் சுமக்கும்போது, அது பாலத்தில் வந்து பிரியும் இடத்தின் சுவர் தொடர்ந்து மோதலைத் தாங்குகிறது. அந்த இடத்தில் தமனிச் சுவர் பலூன்போல உப்பி வீக்கம் வருவதற்கும் ஏ1 ஒருபக்கமாகப் பெரிதாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்பது தெரிந்த விஷயம். அந்தச் சந்திப்பைப் படம் படமாகப் பார்த்தேன், வீக்கம் இல்லை. இரண்டாவது, இடது கரோட்டிட். இவருடைய இரண்டு முன்மூளைப் பகுதிகளும் அந்த ஒரு தமனியை நம்பி இருக்கின்றன. பின்னால் வயதாகி அதில் படிவு வந்தாலோ, கழுத்தில் ஏதாவது அறுவை செய்ய நேர்ந்து அதைக் கொஞ்ச நேரம் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தாலோ, மற்றவர்களைவிட இவருக்கு ஆபத்து கூடுதல். ரிப்போர்ட்டில் இதற்குத் தனியாக ஒரு பத்தி எழுதினேன். அவர் கவனம் வைக்க வேண்டியது இடது பக்கம், பயந்துகொண்டிருந்ததோ வலது பக்கம்.

திருத்திய ரிப்போர்ட் இப்படி இருந்தது: “வலது ஏ1 மிகச் சிறியது. இரண்டு முன் மூளைத் தமனிகளும் இடது கரோட்டிட்டிலிருந்து நிரம்புகின்றன. அதற்கேற்ப வலது உட்கரோட்டிட்டும் அதன் எலும்புச் சுரங்கமும் சிறியவை. அளந்த ஓட்டத்துக்குத் தமனியின் அளவு பொருத்தமாக உள்ளது. அடைப்போ, கிழிசலோ, அழற்சியோ இல்லை.”

தம்பி அதை இரண்டு முறை படித்தார். “அப்ப மூணுல ஒரு பங்கு இல்லையா டாக்டர்?”

“இல்லைங்க. அந்தப் பக்கத்துக்கு வேண்டிய அவ்வளவும் போகுது.”

“எனக்கும் இதே மாதிரி இருக்குமா?”

வில்லிஸ் வளையம் பாடப்புத்தகத்தில் வரைந்திருப்பதுபோல முழுசாக, எல்லாத் துண்டும் நல்ல தடிமனோடு இருப்பவர்கள் பாதிப் பேருக்கும் குறைவு, உங்களுக்கும் எங்காவது ஒரு துண்டு சிறியதாக இருக்கலாம், அதற்காக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்று சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து வந்தார்கள். தலைவலி மாதம் இரண்டு நாளாகக் குறைந்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டதால் டாப்ளரை மறுபடி கழுத்தில் வைத்துத் தமனியின் விட்டத்தை அளந்தேன்: வலது 4.0 மி.மீ., இடது 5.1 மி.மீ. வலது பக்கம் திரும்பிப் படுக்கிறேன் என்றார்.